கல்யாண முருங்கை நகரம்

பேரையூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், முகூர்த்தக்கால் ஊன்றும் நாளில் யாராவது ஒருவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கல்யாண முருங்கைக் கிளை தேடிப் போவார். முள் அடர்ந்த அந்தக் கிளை அரசங்கிளையோடு சேர்ந்து அரசாணிக்காலாக மணமேடையில் நிற்கும். கல்யாணம் முடிந்த பிறகு அதைக் கொல்லையில் நட்டுவிடுவார்கள். துளிர்விட்டால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. சளி பிடித்த பிள்ளைக்கு அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுக் கொடுக்கும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். முள்முருங்கை, கல்யாண முருங்கை, சங்கப் புலவர் வாயில் கவிர் என்று பெயர்கள் பல, மரம் ஒன்றே. இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் வேனிலில் செக்கச் சிவக்கப் பூக்கும் இந்த மரத்தின் பெயரால் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் அறிந்த துறைமுகம் ஒன்று இருந்தது. தென்சீனக் கரையில், ஃபூசியன் மாகாணத்தில் இருக்கும் சுவான்சௌதான் அது.

பத்தாம் நூற்றாண்டில் அந்த நகரை ஆண்டவர் மதிலைச் சுற்றி இந்த மரங்களை வரிசையாக நடச் செய்தார். சீனர்கள் மரத்தை 'சித்தோங்' என்றார்கள். ஊருக்கும் அதுவே செல்லப்பெயராயிற்று. கடல் கடந்து வந்த அரபு வணிகரின் காதில் அது 'ஸைத்தூன்' என்று விழுந்தது. ஸைத்தூன் என்றால் அவர்கள் மொழியில் ஒலிவ மரம். ஊரில் ஒலிவ மரம் ஒன்றுகூட இல்லை என்று இபின் பதூதா தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. மார்க்கோ போலோ எழுதியதும் அந்தப் பெயரைத்தான். அலெக்சாந்திரியாவுக்கு மிளகேற்றிய கப்பல் ஒன்று போனால் ஸைத்தூனுக்கு நூறு போகிறது என்று அவர் வியந்தார். நம் வீட்டுக் கொல்லையில் யாரும் கவனிக்காமல் நிற்கும் மரம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநகரின் அடையாளமாக இருந்தது. இன்றும் அந்நகரின் மலர் அதுவே. அங்கே போகிற தமிழர் கண்ணில் முதலில் படவேண்டியது இந்த மரந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கற்களைப் பிறகு பார்க்கலாம்.

ஆனால் கற்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. 1956ஆம் ஆண்டு சுவான்சௌவில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. ஆறு வரி தமிழ். அடியில் ஒரு வரி சீன எழுத்து. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திர நாள். அதாவது 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்திகள் என்ற பட்டப்பெயர் கொண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலியப் பேரரசரான கானின் உடல்நலம் வேண்டி, அவருடைய ஆணையின் பேரில் திருக்கதலீசுரம் உடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. கானின் ஆணையைக் குறிக்கக் கல்லில் வெட்டப்பட்டிருக்கும் சொல் 'பர்மான்'. பாரசீகச் சொல் ஒன்றைத் தமிழெழுத்தில், மங்கோலிய அரசருக்காக, சீன மண்ணில், சிவன் கோயிலுக்காக ஒரு கல்தச்சர் உளி பிடித்து வெட்டியிருக்கிறார். அதை வாசிக்கும்போது நம் காலத்தில் உலகம் சுருங்கிவிட்டது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கல்லில் எந்தச் சோழனின் பெயரும் இல்லை. பாண்டியன் பெயரும் இல்லை. நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகள் அரசனின் மெய்க்கீர்த்தியோடு தொடங்கி, அவன் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்று சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வரும். இங்கே சக ஆண்டு மட்டும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் காரணம் ஒருவாறு புலப்படும். 1279ஆம் ஆண்டு மார்ச் மாதம் யாமென் கடற்போரில் சீனத்தின் சோங் பேரரசு முடிந்தது. சிறுவனான கடைசி மன்னனைத் தோளில் சுமந்துகொண்டு அமைச்சர் ஒருவர் கடலில் பாய்ந்தார் என்பது சீன வரலாறு. அதே 1279ஆம் ஆண்டோடு மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகளும் நின்றுபோகின்றன. நானூறு ஆண்டு ஆண்ட சோழர் மரபு அவனோடு ஓய்ந்தது. சோழமண்டலம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கைக்கு வந்தது. இராசராசனும் இராசேந்திரனும் குலோத்துங்கனும் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் முத்தும் யானைத் தந்தமுமாகத் தூதனுப்பிய சோங் அரசவை, அந்தத் தூதர்களை அனுப்பிய சோழ அரசவை, இரண்டும் ஏறக்குறைய ஒரே மூச்சில் அணைந்தன. இரு கரையிலும் அரசுகள் விழுந்து ஏறக்குறைய இரண்டாண்டுதான் ஆகியிருந்தது; வணிகர்கள் கோயில் எழுப்பித் தெய்வத்தை எழுந்தருளச் செய்துவிட்டார்கள். புதிய அரசனின் நலத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். சரக்கு இறங்கியது, விளக்கு எரிந்தது. அரசர்களின் நட்பால் வாணிபம் வளர்ந்தது என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. அரசர்கள் மறைந்த பிறகும் வாணிபம் நிலைத்தது என்பதையும் அந்தப் பாடத்தில் சேர்க்கவேண்டும்.

அதே 1281ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குப்லாய் கானின் தூதர் யாங் திங்பி சுவான்சௌவில் கப்பலேறினார். அவர் போகவேண்டிய இடம் கொல்லம். மூன்று மாதக் கடற்பயணத்துக்குப் பின் இலங்கையை அடைந்தபோது எதிர்க்காற்று, உணவும் தீர்ந்துவந்தது. மாலுமிகள் மாபாருக்குப் போய், அங்கிருந்து தரைவழியாகக் கொல்லம் போகலாம் என்றார்கள். மாபார் என்று அரபியரும் சீனரும் சொன்னது நம் பாண்டிய நாட்டுக் கரையைத்தான். சீன நாட்காட்டியின் நான்காம் மாதத்தில் அவர் அக்கரையில் இறங்கி வழி கேட்டார். பாண்டிய அமைச்சர்கள் அன்போடு பேசினார்கள், வழி விடவில்லை. சுவான்சௌவில் ஒரு தமிழர் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்துகொண்டிருந்த அதே வேனிலில், தமிழ்க் கரையில் கானின் தூதர் அனுமதி கிடைக்காமல் நின்றார். அரசுக்கும் அரசுக்கும் இடையே இருக்கும் ஐயம் ஒரு பக்கம். மனிதருக்கும் மனிதருக்கும் இடையே ஓடும் வழக்கம் மறுபக்கம். ஏழரை நூற்றாண்டு கடந்தும் இந்த இரட்டை ஓட்டம் மாறியிருப்பதாகத் தெரியவில்லை.

பாண்டிய அவையோடு சுவான்சௌவைப் பிணைத்த இன்னொரு மனிதரையும் நாம் நினைவில் வைக்கவேண்டும். கடல் வாணிபத்தால் பாண்டிய நாட்டில் உயர்ந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்த சையிது, பாண்டியரிடம் அமைச்சராக இருந்தவர். அவருடைய தந்தையைப் பாண்டிய சகோதரர்கள் ஐவரும் ஆறாவது சகோதரனாக மதித்தார்கள் என்று சீனப் பதிவு சொல்கிறது. அரசியல் மாறியபோது அவர் 1291 வாக்கில் சீனம் சென்று கானிடம் அடைக்கலம் புகுந்தார். கான் அவருக்குக் கொரிய நாட்டுப் பெண் ஒருத்தியை மணம் செய்துவைத்தார். 1299இல் அவர் இன்றைய பெய்ஜிங்கில் மறைந்தபோது, உடல் சுவான்சௌவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கமாயிற்று. சீனர்கள் அவரை மாபார் இளவரசர் என்று எழுதிவைத்தார்கள். பாண்டி நாட்டில் வளர்ந்து, மங்கோலியப் பேரரசில் வாழ்ந்து, கொரியப் பெண்ணோடு இல்லறம் நடத்தி, கல்யாண முருங்கை நகரத்து மண்ணில் உறங்கும் ஒரு மனிதரை எந்தச் சாதி, எந்த மதம், எந்த நாட்டின் பட்டியலில் வைப்பது? அவர் நம்மவர் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

சுவான்சௌவுக்குப் போகிறவர் எல்லோரும் போகும் இடம் காய்யுவான் கோயில். 686இல் தோன்றிய பௌத்தப் பள்ளி. இரு பக்கமும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பிய இரட்டைக் கோபுரங்கள், நாற்பத்தைந்து மீட்டர் அளவில் உயர்ந்து நிற்கின்றன. நம்மவர் அதையெல்லாம் கடந்து, பெரிய மண்டபத்தின் பின்புறம் போகவேண்டும். அங்கே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. கல் அவ்வூர்க் கல். பச்சை கலந்த கருமை. வட்டத்துக்குள் வட்டமாகச் செதுக்கிய உருவங்களைக் குனிந்து பார்த்தால், இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர். கொஞ்சம் தள்ளி, ஆயர் பெண்களின் ஆடைகளோடு மரத்தில் ஏறிக்கொண்ட கண்ணன். மதுரையில் எத்தனையோ மண்டபங்களில் நாம் பார்த்துப் பழகிய அதே காட்சிகள். முகங்களில் மட்டும் சீனச் சிற்பியின் கை தெரிகிறது. கதை கேட்டு, படம் பார்த்து, தன் மண்ணின் கல்லில் தன் வழக்கப்படி செதுக்கிய கை. அடிமேடையில் மனித முகம் கொண்ட சிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் இருக்கும் கற்களில் ஒன்றில், யானை துதிக்கையால் தாமரை எடுத்து இலிங்கத்துக்குச் சாத்துகிறது. ஆனைக்கா கதை தெரிந்த எந்தத் தமிழருக்கும் அந்தக் கல்லின் முன்னால் விளக்கம் தேவைப்படாது. இன்னொன்றில் பசு இலிங்கத்தைத் தழுவி நிற்கிறது.

தமிழ் வணிகர் எழுப்பிய கோயில் இன்று இல்லை. கோபுரமோ விமானமோ மிஞ்சவில்லை. துண்டு துண்டாகக் கற்கள்தாம் கிடைக்கின்றன. பௌத்தக் கோயிலின் பின்புறம் நிற்கும் தூண்கள், மிங் காலத்துத் திருப்பணியின்போது இடிபாட்டிலிருந்து எடுத்து நிறுத்தப்பட்டவை. கடலன்னை மாசுவின் கோயிலிலும் இப்படி இரண்டு தூண்கள் உண்டு. ஊருக்கு வெளியே சேதியன் என்ற சிற்றூரில் நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் ஒரு பெண் தெய்வத்தின் புடைப்புச் சிற்பத்தை அவ்வூரார் பௌத்தரின் கருணைத் தெய்வமான குவான்யின் என்றே கருதி, ஊதுவத்தி ஏற்றி, பழம் வைத்துக் கும்பிடுகிறார்கள். தமிழ் வணிகர் விட்டுச்சென்ற தாய், சீனக் கிராமத்தின் தாயாகிவிட்டாள். கும்பிடு நிற்கவில்லை, கும்பிடுபவர்தாம் மாறினார்கள். நம் கரிசல் காட்டிலும் சமண உருவங்கள் ஊர்ச் சாமியாகிப் பொங்கல் வாங்கிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். மனிதர்கள் தெய்வங்களைத் துறப்பதில் காட்டும் வேகத்தைவிடக் கல்லைத் தெய்வமாக்கிக்கொள்வதில் காட்டும் அன்பு பெரிது.

அழிவு எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். மங்கோலியரின் யுவான் ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை, சுவான்சௌவில் பாரசீகப் படையினரின் கலகம் மூண்டது. அது அடக்கப்பட்டபோது அயல்நாட்டார் மேல் பெரும் வன்முறை பாய்ந்தது. பள்ளிகளும் கோயில்களும் கல்லறைகளும் தப்பவில்லை. பின் வந்த மிங் அரசு தனியார் கடல் வாணிபத்துக்கே தடை போட்டது. துறைமுகத்தில் வண்டல் சேர்ந்தது. கப்பல்கள் வேறு துறை தேடிப் போயின. உடைந்த கோயில்களின் கற்கள் மதில் கட்டவும் வீட்டு அடித்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோதுதான் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிலுவையும் பிறையும் நரசிம்மமும் ஒரே மதிலுக்குள் அடுக்கி வைத்த செங்கல்போல் கிடந்தன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அந்தக் கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். கல் உடைப்பவர்களிடம் விலை கொடுத்தும் வாங்கினார். 1957இல் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். சேர்த்ததையெல்லாம் பொதுவுக்குக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கற்களில் பலவற்றுக்கு உரிமை கொண்டாட அன்று ஒரு தமிழரும் அங்கே இல்லை. இருந்தும் அவர் காப்பாற்றினார். நம் பழமையைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்த ஆசிரியரின் பெயர் ஒருமுறையாவது ஒலிக்கவேண்டும் என்பது என் ஆசை.

நம் கரையில் என்ன நடந்தது? சுவான்சௌவில் தமிழர் கோயில் எழுந்ததற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1267இல், இந்தியக் கடற்கரை ஒன்றில் சீனர் செங்கல் கோபுரம் கட்டிச் சீன எழுத்தில் தேதி பொறித்திருந்தார்கள். சுவான்சௌவிலிருந்து கப்பலேறிப் பல நாடுகளைக் கண்ட வாங் தாயுவான் 1349இல் முடித்த தம் நூலில் இதைக் குறித்துவைத்தார். அந்தக் கோபுரம் இருந்த ஊர் நாகப்பட்டினமே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நாகப்பட்டினத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஒரு பழைய மூன்றடுக்குக் கோபுரம் நின்றது. ஊரார் புதுவெளிகோபுரம் என்றார்கள். வெள்ளைக்கார மாலுமிகள் சீனா பகோடா என்றார்கள். கடலில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளம். 1867இல் அதை இடித்துவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் பௌத்தத்துக்கும் இருந்த உறவு நெடியது. இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் அங்கே சூடாமணி விகாரம் எடுத்தான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் கொடையாக விட்டான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடு இன்று நெதர்லாந்தின் லைடன் பெயரால் அறியப்படுகிறது. 1856 முதல் அடுத்த எண்பது ஆண்டுகளில் நாகப்பட்டின மண்ணிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை. சீனத்தில் தமிழர் கோயில் இடிந்தது, தூண்கள் மிஞ்சின. நாகையில் கோபுரம் இடிந்தது, படம் மிஞ்சியது. யார் பெரியவர் என்று பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் வீட்டில் மற்றவர் வைத்த விளக்கு அணைந்ததை எண்ணி இரண்டு வீட்டாரும் வருந்தவேண்டும்.

இலங்கைக் காலியில் கிடைத்த கல்லும் இதே வரிசையில் வருகிறது. மிங் அரசின் பெருங்கப்பற்படைத் தலைவர் செங் ஹோ, 1409இல் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழியில் பொறிக்கச் செய்து கொண்டுவந்த கல். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்துகிறது. காணிக்கைப் பொருள்களும் ஏறக்குறைய ஒன்றே. சீனப் பேரரசர் இந்தியப் பெருங்கடலில் பேசவேண்டுமானால் தமிழிலும் பேசவேண்டியிருந்த காலம் அது. 1911இல் அந்தக் கல் காலியின் ஒரு சாலையோரத்தில், கால்வாய்க்கு மேல் மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். எத்தனை வண்டிகள், எத்தனை கால்கள் அதன் மேல் போயிருக்கும்! மதிலுக்குள் கிடந்த கல், கால்வாய் மூடியாகக் கிடந்த கல் என்று இந்தக் கதை முழுவதும் கவிழ்ந்து கிடக்கும் கற்களின் கதை.

மதுரைக்கும் சுவான்சௌவுக்கும் ஒரே மனிதர் சாட்சி சொல்லும் ஒரு தருணமும் உண்டு. 1340களின் முற்பகுதியில் இபின் பதூதா மதுரைக்கு வந்தார். அன்று மதுரை சுல்தான்களின் தலைநகர். சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு மனைவி வழி உறவு. அந்த ஆட்சியின் கொடுமைகளை அவர் அருவருப்போடு எழுதியிருக்கிறார். நகரில் கொள்ளைநோய் பரவி, மக்கள் ஓரிரு நாளில் மடிந்துகொண்டிருந்ததையும் கண்டார். சுல்தானின் குடும்பமும் தப்பவில்லை, சுல்தானும் மறைந்தார். சில ஆண்டுகளில் அதே மனிதர் ஸைத்தூன் துறையில் இறங்கி, உலகிலேயே பெரிய துறைமுகம் இதுவாகத்தான் இருக்கும் என்றும், பெரிய மரக்கலங்கள் நூறளவு நிற்கின்றன என்றும் எழுதினார். மதுரையின் இருண்ட நாட்களையும் சுவான்சௌவின் ஒளி மிகுந்த நாட்களையும் ஒரே கண்கள் பார்த்தன. ஆனால் அந்தக் கண்கள் பார்த்துச் சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டில் சுவான்சௌ எரிந்தது. 1371 வாக்கில் விசயநகரத்துக் குமார கம்பணர் வந்தபின் மதுரைக் கோயில் திறந்து விளக்கேறியது. ஒன்று எழும்போது மற்றது சாய்ந்தது. எந்த நகரமும் தன் உச்சத்தில் நிற்கும்போது அது உச்சம் என்று அறிவதில்லை. துறையில் நின்ற நூறு கப்பலில் ஒன்றின் மீகாமனாவது வண்டல் சேர்வதைக் கவனித்திருப்பானா?

பேரையூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கடலைப் பார்க்கவேண்டுமானால் தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ பஸ் ஏறவேண்டிய ஊர் நம்முடையது. கரிசல் மண், கண்மாய்ப் பாசனம், மழை பார்த்து விதைக்கும் மானாவாரி, பருத்தி, சோளம், குதிரைவாலி. ஆனால் கடற்கரைகள் தாமாகச் சரக்கு விளைவிப்பதில்லை. சுவான்சௌவில் கடல் வாணிபக் கண்காணிப்பாளராக இருந்த சாவ் ருகுவா 1225இல் எழுதிய நூலில் சோழநாட்டுப் பொருள்களைப் பட்டியலிடுகிறார்: முத்து, யானைத் தந்தம், பவளம், பாக்கு, ஏலம், பருத்தித் துணி, பட்டு நூல் கலந்த பருத்தித் துணி. துணி நெய்தவர் துறைமுகத்தில் இருந்திருக்கலாம். பருத்தி எடுத்த கை உள்நாட்டுக் கை. இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில் 1980களில் அகழ்ந்தபோது சோங், யுவான் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அங்கே வந்திறங்கிய பீங்கானுக்கு ஈடாகக் கப்பலேறியதில் உள்நாட்டு உழைப்பும் இருந்தது. பெயர் பொறிக்கப்படாத அந்த உழைப்பின் வழிவந்தவர்கள் நாம்.

நம் நாவிலும் அந்தத் தடம் இருக்கிறது. பேரையூர்க் கடைத்தெருவில் அரைக்கிலோ சீனி கேட்கும்போது சீனத்தின் பெயரைத்தான் சொல்கிறோம். சந்தையில் சீனிக்கிழங்கு வாங்குகிறோம், சீனியவரை வாங்குகிறோம், நாவிதர் கடையில் சீனக்காரம் இருக்கிறது, அடுப்பில் சீனாச்சட்டி. தெற்கே ஒரு மணிநேரப் பயணத்தில் சிவகாசி; நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகும் ஊர். அங்கே அவர்கள் அடைக்கும் கருமருந்து சீனரின் கண்டுபிடிப்பு. சின்னஞ்சிறு வெடிக்கு இன்றும் பெயர் சீனிவெடி. மேற்கே நிமிர்ந்தால் சதுரகிரி. ஆடி அமாவாசைக்குச் சாப்டூர்ப் பக்கமாகவும் தாணிப்பாறைப் பக்கமாகவும் மலையேறும் கூட்டம் சித்தர்களைத் தேடிப் போகிறது. அந்தச் சித்தர்களில் போகர் சீனத்திலிருந்து வந்தவர் என்று ஒரு கதை. இங்கிருந்து சீனம் போய்த் திரும்பியவர் என்று இன்னொரு கதை. வரலாற்றாசிரியர் இதை ஏற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கடலைக் காணாத மலையடிவார மக்கள், தங்கள் ஞானியைச் சீனத்தோடு சேர்த்துக் கதை சொன்னார்கள் என்பது வரலாறு. அறியாத நாட்டை யாரும் ஞானத்தின் நாடாக நினைப்பதில்லை.

இந்த நெடிய ஓட்டத்தின் பக்கத்தில் நம் காலத்துச் செய்திகளை வைத்துப் பார்ப்போம். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். ஃபூசியன் மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் அவர்; சுவான்சௌவின் தமிழ்க் கற்கள் அங்கே பேச்சில் இடம்பெற்றன. தமிழ்நாட்டையும் ஃபூசியனையும் உறவு மாநிலங்களாக்குவது என்றும், மாமல்லபுரத்துக்கும் ஃபூசியனுக்கும் இருந்த தொடர்பை ஆராய ஒரு கழகம் அமைப்பது பற்றிப் பார்ப்பது என்றும் இரு தரப்பும் அறிவித்தன. சில மாதங்களில் கொள்ளைநோய் வந்தது. 2020 ஜூனில் எல்லையில், கல்வானில் இரத்தம் சிந்தியது. நம் வீரர்கள் இருபது பேர் உயிர் கொடுத்தார்கள், அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். விமானங்கள் நின்றன, விசாக்கள் நின்றன. 2021இல் யுனெஸ்கோ சுவான்சௌவின் 22 இடங்களை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? 2023இல், சீனத்திலிருந்தும் வந்துகொண்டிருந்த மலிவு விலைச் சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய இந்தியா தடை போட்டது. தீப்பெட்டித் தொழிலாளர் பல ஆண்டுகள் கேட்டது அது, நியாயமானது. 2025 அக்டோபரில் நேரடி விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. நாளை மறுபடி நிற்கலாம், மறுபடி தொடங்கலாம்.

இந்தச் செய்திகள் ஒவ்வொன்றும் வரும்போது நாட்டின் தலைவிதியே அதில் இருப்பதுபோல் நம்மைப் பற்றிக்கொள்கின்றன. எல்லையில் உயிர் கொடுத்தவரின் வீட்டில் அது தலைவிதிதான். அந்தத் துயரத்தை நூற்றாண்டுக் கணக்குப் போட்டுச் சிறிதாக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பொதுவில் பேசும் நாம் சற்று நிதானிக்கலாம். வழி விட மறுத்த பாண்டிய அமைச்சர்களும், கடலுக்கே பூட்டுப் போட்ட மிங் அரசும், கலகமும் கொள்ளைநோயும் இந்த இரு கரைகளையும் பலமுறை பிரித்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு வணிகர், யாரோ ஒரு பயணி, யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போட்டவர்களில் பெரும்பாலோர் அரசர்களைக் கேட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை.

சுவான்சௌவுக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் போய்வாருங்கள். சியாமென் நகரில் இறங்கினால் ரயிலில் அரைமணி நேரப் பயணம். 1053இல் தொடங்கி 1059இல் முடித்த லோயாங் பாலத்தில் நடந்து பாருங்கள். அடிக்கற்கள் அலையில் நகராமல் இருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்து, அந்தச் சிப்பி ஓடுகளாலேயே கல்லோடு கல்லை ஒட்ட வைத்த அறிவைக் கண்டு வாருங்கள். 1974இல் சேற்றிலிருந்து மீட்ட சோங் காலக் கப்பலின் அடிமரத்தைப் பாருங்கள். அதில் நறுமண மரக்கட்டைகளோடு மிளகும் இருந்தது. காய்யுவான் கோயிலின் பின்புறத் தூண்களுக்கு முன் சிறிது நேரம் நில்லுங்கள். காவலுக்கு இருப்பவர் அந்த உருவங்கள் யாரென்று கேட்டால் கதையைச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர் அங்கே அடிக்கடி வருவதில்லை.

போகமுடியாதவர்களுக்கு இங்கேயே வேலை இருக்கிறது. நம் கண்மாய் மடைகளிலும், ஊரணிப் படிகளிலும், துவைகற்களிலும், பழைய மண்டபங்களின் தரையிலும் எழுத்துள்ள கற்கள் இன்னும் கவிழ்ந்து கிடக்கின்றன. தூர்வார எந்திரம் வரும்போது அவை உடைந்து கரையோடு போய்விடும். இந்தக் கோடையில் கண்மாய் வற்றியதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். எழுத்துத் தெரிந்தால் மாவோ சுண்ணாம்போ பூசிச் சுரண்டாமல், ஒரு படம் எடுத்து, மதுரையில் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். நம்மவர் விட்டுவந்த கல்லைத் தமிழ் எழுத்தே தெரியாத ஒரு சீன ஆசிரியர் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றினார். நம் ஊர்க் கல்லை நாம் காப்பாற்றக் காசுகூடத் தேவையில்லை.